நான் ஏறாவிட்டாலும் பஸ் போகும்

2021 பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு. வீட்டிலிருந்தே வேலை என்றானதும் பெங்களூரு அறையைக் காலி செய்துவிட்டுத் திருச்சிக்கு வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. இரவு முழுக்க ஓடவிட்டிருந்த புரோகிராம் முடிந்ததா என்று பார்க்க விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தேன். அம்மா வாசல் தெளித்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். நானும் கோலம்தான் போட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே, மானிட்டரில்.

கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவு புதிதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இலேயே கோலங்களை ஒரு மொழியின் வாக்கியங்களைப் போல இலக்கண விதிகளால் உருவாக்கலாம் என்று காட்டி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். என் புரோகிராம் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஒரே கோட்டில் முடிகிற சிக்குக் கோலங்களைத் தேடிப் பிடித்து, அவற்றை அசையும் படங்களாக மாற்றித் தரும். இருபத்தொரு கோலங்கள் தேர்ந்தெடுத்திருந்தேன். அவற்றை என்எஃப்டியாக விற்பது திட்டம். அப்போது அதுதான் காய்ச்சல். எத்தேரியம் பிளாக்செயினில் ஒரு படத்துக்கு உரிமைச் சீட்டு மாதிரி ஒன்றைப் பதிவு செய்து ஏலம் விடுவார்கள். கோலம் என்றால் விற்கும் என்று நண்பன் சொன்னான். விற்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. பதினோரு வருடமாக யாரோ ஒருவருடைய இன்வாய்ஸ் மென்பொருளில் பிழை திருத்திக்கொண்டிருப்பவனுக்கு 'ஆர்ட்டிஸ்ட்' என்று ஒரு பட்டம் கிடைக்கப்போகிறது என்றால் சும்மாவா.

வாசலுக்கு வந்த எனக்கு ஏனோ வாய் சும்மா இருக்கவில்லை. "அரிசி மாவுல போடக்கூடாதாம்மா? இது கல்லு மாவு. கலர்ல என்ன கெமிக்கலோ. ஒரு எறும்பு கூடச் சீண்டாது."

அம்மா நிமிராமலே சொன்னாள். "நேத்து ராத்திரி பூரா உன் ரூம்ல ஏதோ ஒண்ணு கத்திக்கிட்டே கெடந்துச்சே, அது எதுல ஓடுது? அரிசி மாவுலயா?"

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சில வாரங்கள் கழித்துத்தான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்தது.

*

பிரெஞ்சுக் கலைஞர் ஜோவானி லெமெர்சியர் ஒளியை வைத்து வேலை செய்பவர். கட்டடங்களின் மேல், இருட்டின் மேல் ஒளிக்கோடுகளை வீசி வரைபவர். ஜெர்மனியில் நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஹம்பாக் காட்டை அழிப்பதை எதிர்த்தவர்களோடு நின்றவர். தன் ஸ்டுடியோவின் மின்சாரச் செலவைக் கணக்குப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வந்தவர். அவர் 2020 நவம்பரில் ஆறு படைப்புகளை என்எஃப்டியாக வெளியிட்டார். பத்து விநாடிகளில் விற்றுத் தீர்ந்தன. பிறகு அந்த விற்பனைக்குச் செலவான மின்சாரத்தைக் கணக்கிட்டபோது வந்த எண் 8.7 மெகாவாட்-மணி. அவருடைய ஸ்டுடியோ ஏறத்தாழ இரண்டு வருடத்தில் செலவழிக்கும் மின்சாரம்.

நம் ஊர்க் கணக்கில் அது 8,700 யூனிட். தமிழ்நாட்டில் 2016இலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். நூறு யூனிட்டுக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டின் பதினாலரை வருட மின்சாரம், பத்து விநாடியில்.

அந்த மின்சாரம் எங்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைய எத்தேரியத்தில் ஒவ்வொரு பதிவுத் தொகுதியையும், அதாவது பிளாக்கையும், யார் சேர்ப்பது என்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான கருவிகள் போட்டி போட்டன. போட்டி என்பது ஒரு வீண் கணக்கை முதலில் போட்டு முடிப்பது. வென்றவருக்குப் பரிசு. தோற்ற அத்தனை பேரின் மின்சாரமும் வெறும் சூடு. படம் வரைய மின்சாரம் செலவாகவில்லை. இந்தப் படம் இன்னாருடையது என்று நம்புவதற்குத்தான் செலவானது.

நண்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். "மச்சான், பிளாக் பதிமூணு செகண்டுக்கு ஒண்ணு எப்படியும் வந்துக்கிட்டுதான் இருக்கும். உன் டிரான்ஸாக்ஷன் அதுல இருந்தாலும் இல்லாட்டியும் கரன்ட் ஒரு யூனிட்கூடக் குறையாது. நீ ஏறாட்டாலும் பஸ் போகும்டா."

எனக்குப் பதில் தெரியவில்லை. தொழில்நுட்பரீதியாக அவன் சொன்னது சரி. 8.7 மெகாவாட்-மணி என்ற எண்ணே, மொத்தச் செலவைப் பயணிகளுக்குப் பங்கு பிரித்துப் போட்ட டிக்கெட் விலைதான். லெமெர்சியர் விற்காமல் இருந்திருந்தால் அன்று அந்த மின்சாரம் மிச்சமாகியிருக்காது.

நான் என் இருபத்தொரு கோலங்களை விற்கவில்லை. ஆனால் ஏன் விற்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

*

இது என்எஃப்டிக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை. துணிப்பை எடுத்துப் போகிறவன், ஏசி வாங்காமல் தள்ளிப்போடுகிறவள், விமானத்துக்குப் பதில் ரயிலில் பதினாறு மணி நேரம் உட்கார்ந்து வருகிறவன் எல்லோருக்கும் ராத்திரி ஒரு நேரத்தில் இந்த பஸ் வந்து நிற்கும். நான் ஏறாவிட்டாலும் போகத்தானே போகிறது?

அமெரிக்கத் தத்துவவாதி வால்டர் சின்னட்-ஆம்ஸ்ட்ராங் 2005இல் இதை நேராகவே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம், சும்மா ஜாலிக்காக, பெட்ரோல் குடிக்கிற ஒரு பெரிய காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருகிறேன். இது அறமீறலா? ஒவ்வொரு அறக்கொள்கையாக எடுத்துச் சோதித்துப் பார்த்து, இந்த ஒரு சவாரி தவறு என்று எதைக் கொண்டும் நிரூபிக்க முடியவில்லை என்று முடிக்கிறார். என் ஒரு சவாரியால் எந்த வெள்ளமும் வருவதில்லை, என் சவாரி நின்றால் எந்த வெள்ளமும் நிற்பதில்லை. ஆனால் அதோடு அவர் கையைக் கழுவிக்கொள்ளவில்லை. பெரிய பிரச்சினையைத் தீர்க்க வேண்டியவை அரசாங்கங்கள், அவற்றைச் செய்ய வைப்பதுதான் நம் கடமை என்கிறார். இந்தப் பாதியை அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நமக்கு இந்தக் கேள்வி சின்ன வயதிலேயே கதையாக வந்திருக்கிறது. ராஜா ஊர்க் குளத்தில் வீட்டுக்கு ஒரு குடம் பால் ஊற்றச் சொல்வார். ராத்திரி இருட்டு. இத்தனை பாலுக்கு நடுவே நம் ஒரு குடம் தண்ணீர் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். விடிந்து பார்த்தால் குளம் முழுக்கத் தண்ணீர். கதை கேட்டபோது ஊர்க்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், ஒவ்வொருவருடைய கணக்கும் தனித்தனியே சரி. ஒரு குடத்தால் பால் தண்ணீராகாது. எல்லோரும் சரியாகக் கணக்குப் போட்டதால்தான் குளம் கெட்டது.

டெரக் பார்ஃபிட் 1984இல் வந்த 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் இதையே கொடூரமான உதாரணத்தால் சொல்கிறார். ஆயிரம் சித்திரவதைக்காரர்கள். ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்துகிறார்கள். ஒரு அழுத்தலால் எந்தக் கைதிக்கும் கூடுகிற வலி உணர முடியாத அளவு சின்னது. ஆயிரம் பேரும் அழுத்தி முடித்ததும் கைதிகள் துடிக்கிறார்கள். யாரைக் குற்றம் சொல்வது? என் செயலின் விளைவை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துப் பார்ப்பதே தப்பு, நாமெல்லாரும் சேர்ந்து என்ன செய்கிறோம் என்றும் கேட்க வேண்டும் என்கிறார் பார்ஃபிட்.

ஷெல்லி கேகன் 2011இல் வேறு மாதிரி பதில் சொன்னார். அவர் கோழிக்கடையை வைத்துச் சொன்னதை நான் நம் பஸ்ஸுக்கு மாற்றிக்கொள்கிறேன். நாற்பது பேர் ஏறுவதை நிறுத்தினால் டெப்போவில் ஒரு டிரிப்பை வெட்டுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாற்பதாவது ஆள் நீங்களா என்று உங்களுக்குத் தெரியாது. நாற்பதில் ஒரு வாய்ப்பு. ஆனால் அந்த ஆள் நீங்கள் என்றால் உங்களால் நின்றது ஒரு முழு டிரிப். பெருக்கிப் பார்த்தால் சராசரியாக உங்கள் பங்கு உங்களிடமே திரும்பி வந்துவிடுகிறது. பஸ் எப்படியும் போகும் என்பது முப்பத்தொன்பது பேருக்கு உண்மை. நாற்பதாவது ஆளுக்குப் பொய்.

அழகான வாதம். ஆனால் எனக்கு முழு நிம்மதி தரவில்லை. நிஜ டெப்போக்கள் அவ்வளவு கூர்மையாகக் கணக்குப் பார்ப்பதில்லை. காலி பஸ் வருடக்கணக்கில் ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். எனக்கு ஒரு பதில் கிடைத்தது தத்துவ நூலிலிருந்து இல்லை. என் தொழிலில் முதல் வருடம் நான் செய்த ஒரு பிழையிலிருந்து.

*

கணினியில் தசம எண்களைச் சேமிக்கும் முறைகளில் ஒன்று முப்பத்திரண்டு பிட் ஃப்ளோட். அதில் ஒரு எண்ணைப் பூஜ்யத்தில் தொடங்கி, ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். 1,67,77,216 வரை ஒழுங்காக ஏறும். அதற்குப் பிறகு ஏறாது. நீங்கள் இன்னும் ஒரு கோடி முறை ஒன்றைக் கூட்டினாலும் அது அதே 1,67,77,216தான். எண் பெரிதாகிவிட்டால் ஒன்று என்ற வித்தியாசத்தை வைத்துக்கொள்ள அதனிடம் இடம் இல்லை. ஒவ்வொரு ஒன்றும் வருகிறது, ரவுண்டாகிறது, காணாமல் போகிறது. நான் எழுதிய ஒரு ரிப்போர்ட்டில் மொத்தத் தொகை ஒரு நாள் இப்படித்தான் நின்றுபோனது. எரர் எதுவும் வராது. அதுதான் கொடுமை.

இதற்குத் தீர்வு இருக்கிறது. வில்லியம் கஹான் 1965இல் சொன்ன ஒரு வழி, தொலைந்துபோகிற சில்லறையைத் தனியாக ஒரு பெட்டியில் சேர்த்துக்கொண்டே வருவது. இன்னும் எளிய வழி, கூட்டும் வரிசையை மாற்றுவது. சின்ன எண்களைப் பெரிய எண்ணோடு ஒவ்வொன்றாக மோதவிடாதே. முதலில் சின்ன எண்களை ஒன்றோடொன்று கூட்டு. ஆயிரம் ஒன்றுகள் சேர்ந்து ஆயிரமாகட்டும். பிறகு அதைக் கொண்டுபோய்ப் பெரிய எண்ணோடு சேர். அப்போது அது தொலையாது.

நண்பனுக்கு அன்று சொல்லத் தெரியாத பதில் இதுதான். நீ சொன்னது சரிதான், என் ஒன்று ரவுண்டாகிவிடும். அதனால் ஒன்று என்பது பூஜ்யம் என்று அர்த்தமில்லை. நான் தப்பான இடத்தில் கூட்டிக்கொண்டிருந்தேன் என்றுதான் அர்த்தம்.

பின்னால் நடந்தது இதற்குச் சாட்சி. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் அந்த வீண் போட்டியையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. மின்சாரச் செலவு ஏறத்தாழ 99.95 சதவீதம் குறைந்தது. ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் எஞ்சினை மாற்றினார்கள். நான் இருபத்தொரு கோலங்களை விற்காததால் அது நடக்கவில்லை. அந்த மாற்றம் தொடக்க காலத்திலிருந்தே திட்டத்தில் இருந்தது, வருடக்கணக்காகத் தள்ளிப்போனது. நிறைய பொறியாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதியதால் நடந்தது. தனியாக மானிட்டரை அணைத்துவிட்டுத் திருப்தியோடு தூங்கப் போனவர்களால் அல்ல.

*

சரி, அப்படியானால் கலை என்ன செய்கிறது? அதுவும் சுற்றுச்சூழலுக்காகவே செய்யப்படும் கலை?

2015 டிசம்பரில் பாரிஸில் உலக நாடுகள் பருவநிலை மாநாட்டுக்குக் கூடியபோது, ஓலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் சேர்ந்து பாந்தியான் சதுக்கத்தில் பன்னிரண்டு பனிப்பாறைத் துண்டுகளைக் கடிகார முகம் போல வட்டமாக வைத்தார்கள். 'ஐஸ் வாட்ச்' என்று பெயர். கிரீன்லாந்துப் பனித்தட்டிலிருந்து ஏற்கெனவே உடைந்து கடலில் மிதந்துகொண்டிருந்தவற்றைப் பிடித்து, குளிர்பதனக் கன்டெய்னரில் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஐஸ். மொத்தம் எண்பது டன். மக்கள் வந்து தொட்டார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். ஐஸ் உருகி ஓடியது.

இதற்கான கார்பன் கணக்கையும் போட்டு வெளியிட்டார்கள். சுமார் முப்பது டன். இந்தியர் ஒருவரின் பங்கு வருடத்துக்குச் சுமார் இரண்டு டன். பதினைந்து இந்தியர்களின் ஒரு வருடம் அந்தச் சதுக்கத்தில் உருகியது. கேட்டதும் 'ஐஸ் உருகுதுன்னு சொல்ல ஐஸைக் கப்பல்ல கொண்டு வரணுமா' என்று எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த எரிச்சலைப் படுவதற்கான எண்ணையே அவர்கள்தான் தந்தார்கள். எந்தக் கல்யாண மண்டபத்தில், எந்த ஐபிஎல் மேட்சில் நுழைவாயிலில் பில் ஒட்டியிருக்கிறார்கள்? ஆனாலும் பில்லைக் காட்டுவது வேறு, கடனை அடைப்பது வேறு. உருகும் ஐஸைத் தொட்டவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனியே உருகிவிட்டுப் போயிருந்தால், அந்த உருக்கமும் ரவுண்டாகியிருக்கும்.

எனக்கு இன்னும் அதிகம் யோசிக்கக் கொடுப்பது யோசப் பாய்ஸ். 1982இல் ஜெர்மனியின் காசல் நகரில் 'டாக்குமென்டா 7' கலைக் கண்காட்சிக்கு அவர் ஏழாயிரம் பசால்ட் கற்களைக் கொண்டுவந்து அருங்காட்சியகத்தின் முன்னால் குவித்துப் போட்டார். நிபந்தனை ஒன்றுதான். நகரத்தில் ஒரு மரம் நட்டால் ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்றலாம். ஏழாயிரம் மரமும் நட்டு முடியும்வரை அந்தக் குவியல் அங்கேயே கிடக்கும், அசிங்கமாக, வழியை அடைத்துக்கொண்டு. ஊரில் நிறைய பேர் திட்டினார்கள். நட்டு முடிக்க ஐந்து வருடமானது. பாய்ஸ் 1986 ஜனவரியில் இறந்துபோனார். கடைசி மரத்தை 1987இல் அவர் மகன் நட்டார்.

ஒரு மரம் என்ன செய்துவிடும் என்ற கேள்வி அங்கே எழவே முடியாது. ஒரு மரம் ஒரு கல்லை எடுக்கும். மிச்சம் எத்தனை என்று ஊர் முழுக்க தினமும் பார்க்கும். தனித்தனி ஒன்றுகளை முதலில் ஒன்றோடொன்று கூட்டுகிற இடம் அந்தக் கற்குவியல்.

இதற்குப் பணம் திரட்ட பாய்ஸ் ஜப்பானிய விஸ்கி ஒன்றின் விளம்பரத்தில் நடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருகாலத்தில் இது தெரிந்திருந்தால் அவரை என் பட்டியலிலிருந்து அடித்திருப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. 'கை சுத்தமானவர்' என்று நாம் ஒருவரைச் சொல்வது அவர் பிறர் காசில் கைவைக்காதபோது. வேலையிலேயே கைவைக்காதவருக்கு அந்தப் பட்டம் எளிதாகக் கிடைத்துவிடும்.

*

கோலங்களை விற்காமல் விட்ட அந்த வருடம் நான் வீட்டில் ஒரு போலீஸ்காரன் ஆகியிருந்தேன். பிளாஸ்டிக் கவரில் கருவேப்பிலை வந்தால் விசாரணை. ஃபேன் ஓடினால் விசாரணை. பிபி எண்ணெய்க் கம்பெனிதான் 2004இல் அவரவர் கார்பன் கணக்கை அவரவரே போட்டுப் பார்க்கக் கருவி வெளியிட்டு, 'உன் கால்தடம் எவ்வளவு' என்ற கேள்வியை விளம்பரம் செய்து பரப்பியது என்று படித்த பிறகும் அடங்கவில்லை. எண்ணெய் தோண்டுகிறவன் தந்த லத்தியை வைத்துக்கொண்டு அம்மாவின் பின்னாலேயே திரிந்தேன்.

அடுத்த மார்கழியில் மறுபடி அரிசி மாவுப் பேச்சை எடுத்தபோதுதான் அம்மா அந்தக் கதையைச் சொன்னாள். அறுபதுகளில் பஞ்சம் மாதிரி ஒரு காலம் வந்தது. அரிசிக்கு அடிதடி. ரூபாய்க்குப் படி அரிசி போடுகிறோம் என்று சொல்லியே 1967இல் ஒரு கட்சி ஆட்சிக்கு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டி அதுவரை அரிசி மாவில்தான் கோலம் போட்டிருக்கிறாள். ஒருநாள் காலை அம்மா, அப்போது எட்டு ஒன்பது வயசு, மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு போக, பாட்டி பிடுங்கி வைத்துக்கொண்டாளாம். "ஒலை வைக்கவே அரிசி இல்ல. எறும்பு அதுபாட்டுக்குப் பொழைச்சுக்கும், நீ பொழைக்கணும்." அன்றிலிருந்து கல் மாவு.

"அப்புறம் அரிசி வந்துருச்சேம்மா?"

"வந்துச்சு. கை வரலடா. சாப்பிடறத தரையில போட இன்னிக்கு வரைக்கும் கை வரல."

நான் 'பாரம்பரியம்', 'இயற்கை' என்று எந்த அரிசி மாவைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ அதற்குள் ஒரு பசி இருந்தது எனக்குத் தெரியாது. அம்மாவின் கல் மாவும் ஒரு அறக் கணக்குதான். என்னுடையதைவிடப் பழைய கணக்கு. பசுமையாக வாழ்வது எப்படி என்று அவளுக்குப் பாடம் எடுக்க வந்தவனுக்கு ஒரு மாதத்தில் ஓடும் மின்சாரம், அவள் வாழ்நாள் முழுக்கப் போட்ட கோலப்பொடியைவிடப் பெரிய விஷயம்.

அதற்காகக் கல் மாவு புனிதமாகிவிட்டது என்று சொல்லவில்லை. அந்தக் கல்லும் எங்கோ ஒரு மலையைக் குடைந்து வருவதுதான். நான் சொல்வது, யார் எங்கே கணக்குக் கேட்கத் தகுதியானவர் என்பது பற்றி. எனக்கு அதிகாரம் இருந்த இடம் வாசல் இல்லை.

என் அதிகாரம் ஆபீஸில் இருந்தது. எங்கள் டீமின் டெஸ்ட் சர்வர்கள் நாற்பதுக்கு மேல், வாரம் முழுக்க 168 மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. யாராவது அவற்றில் வேலை செய்வது அறுபது மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் யாருமில்லாத வீட்டில் ஓடுகிற ஃபேன். இரவிலும் சனி ஞாயிறிலும் அவற்றைத் தானாக அணைத்துப் போடும் ஸ்கிரிப்ட் எழுத எனக்கு ஒரு மதியம் போதுமாயிருந்தது. ஆட்களைச் சம்மதிக்க வைக்க நாலு மாதம் ஆனது. திங்கள் காலை சர்வர் எழவில்லை என்று திட்டு வாங்கினேன். ஒரு டீம் விலக்குக் கேட்டது, கொடுத்தோம். பக்கத்து டீமில் ஒரு பெண் தானாகவே வந்து சேர்ந்துகொண்டாள். இப்போது இது மூன்று டீம்களில் இருக்கிறது. ஓடும் நேரத்தில் ஏறத்தாழ அறுபத்து நாலு சதவீதம் மிச்சம்.

நண்பனிடம் சொன்னேன். "அந்த மெஷினை ராத்திரில வேற எவனாவது வாடகைக்கு எடுத்திருப்பான். பஸ் ஓடிக்கிட்டுதான் இருக்கும்," என்றான். இருக்கும். ஆனால் புதிதாக எத்தனை பஸ் வாங்குவது என்று முடிவு செய்கிறவனின் கணக்கில் இப்போது நாங்கள் ஒன்றாக இல்லை, நூற்றுச் சொச்சமாக இருக்கிறோம். ரவுண்டாகிற அளவுதானா என்று தெரியாது. நாலாவது டீமிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஏசி இன்னும் வாங்கவில்லை. மே மாதத்தில் அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன். துணிப்பை ஸ்கூட்டரிலேயே கிடக்கிறது. இவற்றால் உலகம் குளிரும் என்ற நினைப்பு இல்லை. நாலாவது டீமிடம் பேசும்போது என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்கக் கூடாது, அதற்கு இவை தேவைப்படுகின்றன.

கோலப் புரோகிராம் இப்போது அசையும் படம் எதுவும் செய்வதில்லை. பழைய பிரிண்ட் அவுட்களின் பின்பக்கத்தில் புள்ளியும் கோடும் அச்சடித்துத் தரும். போன மார்கழியில் அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பதினேழாவது வளைவில் விரலை வைத்து, "இந்த எடத்துல கை திரும்பாதுடா. கம்ப்யூட்டருக்கு இடுப்பு வலி தெரியாது," என்றாள். அந்த வளைவை மாற்றி மறுபடி அச்சடித்தேன். கல் மாவில்தான் போட்டாள். போட்டு முடித்துவிட்டு, எதுவும் சொல்லாமல், நிலைப்படிக்கு ஓரமாக ஒரு சிட்டிகை அரிசி மாவைத் தூவிவிட்டு உள்ளே போனாள்.